பட்டையில் 100 மெகாஹெர்ட்ஸ், அடியில் 20: பழைய ஆஸிலோஸ்கோப் வாங்குவோர் கவனத்துக்கு

கோவையில் பழைய அளவீட்டுக் கருவிகள் விற்கும் ஒருவர், 20 மெகாஹெர்ட்ஸ் அனலாக் ஆஸிலோஸ்கோப்பை 100 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி அது; எவ்வளவு வேகமான அலைவரை நம்பிப் பார்க்கலாம் என்பதைத்தான் அந்த மெகாஹெர்ட்ஸ் எண் சொல்கிறது. வீட்டில் ஹாம் ரேடியோ (ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி) பழுதுபார்க்க இப்படியொரு கருவியைத் தேடுபவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கடையில் காட்டியது வழக்கமான வித்தைதான். முகப்பிலேயே உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் முனையில் புரோபை (சிக்னலைத் தொட்டு எடுக்கும் கம்பியை) மாட்டினார்; சதுர அலை அசையாமல் நின்றது. "பாருங்கண்ணா, எவ்வளவு சுத்தமாக நிற்கிறதுங்க! மில் ஆய்வகத்தில் இருந்த சரக்கு. சரியில்லை என்றால் கொண்டுவாருங்கள், திருப்பி எடுத்துக்கொள்கிறேன்." அந்த முனை புரோபைச் சரிசெய்வதற்கு வைத்தது. 5 மெகாஹெர்ட்ஸ் கருவியும் அந்த அலையை அழகாகவே காட்டும். வேறு சிக்னல் கொடுத்துப் பார்க்கலாமா என்றால், சிக்னல் ஜெனரேட்டர் சர்வீசுக்குப் போயிருக்கிறதாம்.

கோபியில் உள்ள வீட்டுக்கு வந்ததும் ஒரு டிரான்ஸ்ஸீவரின் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோவின்) வெளியீட்டை, ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் டம்மி லோடில் அளந்தேன். 10 வாட் மட்டும்தான் வைத்தேன். அதிர்வெண் ஏற ஏற புரோப் தாங்கும் வோல்டேஜ் குறையும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10 வாட்டுக்கு உச்சிக்கு உச்சி 63 வோல்ட் வரவேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் 60 வந்தது. 28 மெகாஹெர்ட்ஸில் வெறும் 37! கணக்குப் போட்டால் மூன்றரை வாட்கூட இல்லை. வாட் மீட்டரோ இரண்டிலும் 10 என்றே காட்டியது. புதியவர் யாராவது இந்தத் திரையை நம்பினால், ரேடியோவில்தான் கோளாறு என்று நினைத்து, குறையே இல்லாத லோ-பாஸ் ஃபில்டரை (உயர் அதிர்வெண்களை வடிகட்டும் பகுதியை) பிரித்துப் போட்டுவிடுவார். உண்மையான 100 மெகாஹெர்ட்ஸ் கருவியும் 100-ஐ எட்டும்போது சுமார் 70 சதவீதம்தான் காட்டும் என்பது சரி. ஆனால் 28-இல் இப்படிச் சரியாது. முகப்பில் 100 என்று ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் நெம்பினேன். அடியில் 20 என்று அச்சிட்டிருந்தது.

பட்டையை எவரும் ஒட்டலாம். டைம் பேஸ் குமிழை (திரையின் ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்று வைக்கும் குமிழை) சுற்றியுள்ள எண்களை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. கடையில் முதலில் அதைப் பாருங்கள். என் கருவியின் மிக வேகமான நிலை ஒரு கட்டத்துக்கு 0.2 மைக்ரோ நொடி. பத்து மடங்கு விரித்தாலும் 20 நானோ நொடி. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 10 நானோ நொடிதான்; ஒரே கட்டத்துக்குள் இரண்டு சுற்று நெருக்கியடித்துவிடும். அந்த வேகத்துக்கென்று செய்த கருவிகள் 5 அல்லது 2 நானோ நொடி வரை இறங்கும். சிறிய சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். புரோபை 10எக்ஸ் நிலையில் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கிக் கொடுக்கும் நிலை) வையுங்கள். 1எக்ஸ் நிலையில் வேகமான சிக்னலைப் புரோபே விழுங்கிவிடும். 1 மெகாஹெர்ட்ஸிலும் 30 மெகாஹெர்ட்ஸிலும் அலையின் உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

பில்லில் மாடல், வரிசை எண், மெகாஹெர்ட்ஸ் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்ததில் "பழைய டெஸ்ட் கருவி - 1" என்று மட்டும் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்தான். ஆனால் அவர் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு இந்தத் துண்டுச் சீட்டு எப்படிச் சாட்சி சொல்லும்?

தொலைபேசியில் கேட்டபோது, "பழைய சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க" என்றார். விடாமல் கேட்டதும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாக இறங்கிவந்தார். கொடுக்கவில்லை. கொடுத்தால் புதுப் பட்டையுடன் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். ஆடியோ பகுதிகளைப் பார்க்க இது போதும், இங்கேயே இருக்கட்டும்.