செட்டியார் தெருவில் வாங்கிய ஸ்ரீசக்கரத் தகடு

மகளின் தெஹிவளை வீட்டுக் குடிபூரலுக்கு அம்மன் வழிபாட்டு யந்திரமான ஸ்ரீசக்கரம் கீறிய 6 அங்குலச் செப்புத் தகடு ஒன்று தேடினேன். முப்பது வருசம் படவரைஞராக இருந்தவன் நான். கோடு பிசகினால் கண் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் வாங்கியது வேறோர் இடத்தில். வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணினால் வெளித் தாமரையில் 15 இதழ். 16 இருக்க வேண்டும். ஒரு முக்கோணத்தின் நுனி, தொடவேண்டிய கோட்டை எட்டவேயில்லை. திருப்பிக் கொடுக்கப் போனேன். "சாமி சாமான் திருப்பி எடுக்கிறேல்லை ஐயா" என்று அனுப்பிவிட்டார்கள். மனம் நொந்துபோனது.

பிறகுதான் கொழும்புச் செட்டியார் தெருவில், கதிரேசன் கோயில் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். நான் கண்ணாடியை எடுத்ததும் கடைத் தம்பி முகம் சுளிக்கவில்லை. "வடிவாப் பாருங்கோ ஐயா" என்று தகட்டை வாசல் வெளிச்சத்துக்கே கொண்டுவந்து தந்தார்.

ஸ்ரீசக்கரத்தில் மேல்நோக்கிய பெரிய முக்கோணங்கள் 4, அவை சிவம். கீழ்நோக்கியவை 5, அவை சக்தி. இந்த 9 முக்கோணங்களும் ஒன்றையொன்று வெட்டும்போது 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன: வெளியிலிருந்து 14, 10, 10, 8, நடுவில் 1. ஒரு கோட்டைச் சற்று நகர்த்தினால் மூன்று கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் பிரிந்து, இல்லாத குட்டி முக்கோணங்கள் முளைத்துவிடும். அடிமட்டமும் கவராயமும் வைத்து நானே கீறிப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது தாளில்தான் ஓரளவு சரிவந்தது. சிவமும் சக்தியும் சேர்ந்திருப்பதைச் சொல்லத்தான் இந்த உருவமே. கோடுகள் சேராவிட்டால் அது எதைச் சொல்லும்?

இந்தத் தகட்டில் 43ம் இருக்கின்றன. சந்திகள் கூராக இருக்கின்றன. நகத்தால் தடவினால் கோட்டின் பள்ளம் தெரிகிறது, ஆகவே தேசிக்காய் போட்டு எத்தனை தரம் மினுக்கினாலும் அழியாது. 8 இதழ், 16 இதழ், நான்கு வாசலோடு மூன்று கோட்டுச் சதுரம், எல்லாம் சரி. ஒரு குறை: கீழ் வாசலின் இடப்பக்கக் கோடு மற்றவற்றைவிடத் தடித்துவிட்டது. பூசைக்கு அது தடையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அதே கடையில் சட்டம் போட்ட வர்ணப் படமும் 3,000 ரூபாவுக்கு இருக்கிறது. அதை வாங்காதீர்கள். முக்கோணங்கள் ஒன்பதுக்கும் ஒரே நீலம். எது மேல்நோக்கியது, எது கீழ்நோக்கியது என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. நிறமும் இங்கே ஒரு பாசைதான். வெண்மை சிவத்துக்கு, செம்மை சக்திக்கு. திருநீறும் குங்குமமும் அதுதான். நம்முடைய கோயில் மதில்களில் வெள்ளையும் காவியும் மாறி மாறி ஓடுவதற்கும் பெரியவர்கள் அந்த விளக்கத்தையே சொல்வார்கள். நடுவில் இருக்கும் விந்து என்ற புள்ளிக்கு அந்தப் படத்தில் பச்சைப் பொட்டு வைத்திருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை.

வெறும் செம்பே போதும். குடிபூரல் அன்று ஐயர் குங்கும அர்ச்சனை செய்தார். நுண்ணிய தூள் முதலில் கோடுகளுக்குள்தான் இறங்கியது. மேலே மிஞ்சியதை மகள் மெல்லத் துடைத்தபோது மஞ்சள் கலந்த செம்பின் மேல் அத்தனை முக்கோணங்களும் சிவப்பாக எழும்பி நின்றன. எந்த வர்ண அச்சிலும் நான் அதைக் கண்டதில்லை.

தகடு 7,500 ரூபா. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கீறின கைக்கு அது தகும். பற்றுச்சீட்டுக் கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். ஆடிவேல் திருவிழா நாட்களில் அந்தத் தெருவில் கால்வைக்க இடமிராது. சாதாரண நாளில் காலை பத்து மணிக்குப் போனால் ஒழுங்கைக்குள் வெயில் விழும், தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஆறுதலாக எண்ணலாம்.