விஆர் திக்கலைச் சரிசெய்து தருகிறேன் என்று உங்கள் கணினிக்குள் வருகிறவர்கள்: ஓர் எச்சரிக்கை

கண்ணில் ஹெட்செட் மாட்டி ஆடும் விஆர் (மெய்நிகர் உலகம்) விளையாட்டு கணினியில் திக்குகிறது, விட்டுவிட்டு ஓடுகிறது என்று ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் பாருங்கள். சற்று நேரத்தில் தனிச்செய்தி வந்து நிற்கும். "சார், டியூனிங் செய்து தருகிறேன். தொலைவிலிருந்தே முடித்துவிடலாம். நூறு சதவீதம் உத்தரவாதம்." கூடவே, நன்றி சொல்லும் ஸ்கிரீன்ஷாட்கள் வரிசையாக வரும். அப்படி வந்த ஒருவரிடம் நான் 3,500 ரூபாய் கொடுத்தேன். விண்டோஸை முழுவதுமாக அழித்துத் திரும்ப நிறுவ வேண்டிய நிலையில்தான் அந்த விவகாரம் முடிந்தது. அவர் பெயரும் எண்ணும் இங்கே இல்லை. இரண்டையும் அவர் அடிக்கடி மாற்றிக்கொள்கிறார். ஆனால் செய்முறை மாறுவதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

என்னுடையது பிரமாதமான கணினி அல்ல. ரைசன் 5 3600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், கேபிள் வழியாக இணைத்த குவெஸ்ட் 2 ஹெட்செட். பெரும்பாலும் அசெட்டோ கோர்சா என்ற பந்தய விளையாட்டில் கார் ஓட்டுவேன். சில நொடிகளுக்கு ஒருமுறை, வளைவில் திரும்பும்போது, முழு உலகமும் ஒரு கணம் உறைந்து பிறகு தாவும். சாதாரண மானிட்டரில் இதைச் சகித்துக்கொள்ளலாம். ஹெட்செட்டில் முடியாது. 90 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 90 படம் என்றால், ஒவ்வொரு ஃபிரேமையும் (படத்தையும்) 11.1 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். ஒன்று தாமதமானாலும் தலை திரும்பிவிடுகிறது, காட்சி திரும்புவதில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, வயிறு கலங்குகிறது. அரை மணி நேரம் ஓட்டினால் அன்றைய இரவுச் சாப்பாடு இறங்காது.

அவர் கேட்டபடி தொலைநிலை மென்பொருளை நிறுவி அனுமதி கொடுத்தேன். கறுப்புக் கட்டளைச் சாளரங்கள் திரையில் திறந்து மூடிக்கொண்டே இருந்தன. ஏதோ ஒரு கோப்பை அவர் கணினியிலிருந்து என் கணினிக்கு ஏற்றி இயக்கினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அது எங்கள் தொழில் ரகசியம் சார், வெளியே சொன்னால் எல்லோரும் செய்துவிடுவார்கள்" என்றார். பிறகு ஹெட்செட்டை மாட்டிப் பார்க்கச் சொன்னார். உண்மையிலேயே திக்கல் குறைந்திருந்தது. ஃபிரேம் எதுவும் தவறவில்லை என்று கண்முன்னே மிதந்த புள்ளிவிவரப் பலகை காட்டியது. பணத்தை யுபிஐயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு "அடுத்த வாரம் சார்" என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

மறுநாள் கணினியை இயக்கியதும் திக்கல் திரும்ப வந்தது. முன்பைவிட மோசமாக. எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்தன. அவரிடம் சொன்னபோது தயாராக ஒரு பதில் வைத்திருந்தார்: "நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் சார். உங்கள் கிராபிக்ஸ் கார்டு தாங்கவில்லை. கார்டை மாற்றாமல் இதற்கு மேல் முடியாது."

அந்த முதல் நாள் சாகசம் எப்படி நடந்தது என்று பிற்பாடு ஒவ்வோர் அமைப்பாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த ஏமாற்றும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் ஹெட்செட்டின் புதுப்பிப்பு வீதத்தை 90 ஹெர்ட்ஸிலிருந்து 72 ஹெர்ட்ஸுக்கு இறக்கியிருந்தார். ஒரு ஃபிரேமுக்கான அவகாசம் 11.1 மில்லிநொடியிலிருந்து 13.9 ஆக உயர்ந்துவிட்டது. அடுத்து, கணினி வரையும் படத்தின் தெளிவை அளவுகோலின் அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டிருந்தார். எழுத்து மங்கியது அதனால்தான். மூன்றாவதுதான் கைவரிசை. ஹெட்செட்டுக்கான ஓக்குலஸ் மென்பொருளோடு வரும் டீபக் டூல் என்ற சிறு செயலியில் 'ஸ்பேஸ்வார்ப்' என்ற வசதியைக் கட்டாயமாக இயங்கும்படி வைத்திருந்தார். 2016இல் வந்த நல்ல தொழில்நுட்பம் அது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. விளையாட்டைப் பாதி வேகத்தில் மட்டும் வரையச் சொல்லிவிட்டு, இடையில் வர வேண்டிய ஃபிரேம்களை முந்தைய ஃபிரேம்களின் அசைவிலிருந்து ஊகித்து அதுவே உருவாக்கிக்கொள்ளும். அதாவது என் கணினி நொடிக்கு 36 ஃபிரேம்தான் வரைந்தது, மீதி 36 ஊகம். பாதி வேலையே செய்கிற கணினிக்குத் தவறவிட என்ன இருக்கிறது? பலகையில் பூஜ்யம் வராமல் என்ன வரும்? ஸ்டீரிங் சக்கரத்தின் விளிம்பு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்ததை அப்போதே கவனித்தேன். "அது விளையாட்டின் குறை" என்று சொல்லிக் கடந்துவிட்டார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டீபக் டூலில் வைக்கும் அந்த அமைப்பு கணினியை அணைத்து இயக்கினால் நிலைக்காது. பழையபடி தானியங்கிக்குப் போய்விடும். தொழிலாகவே இதைச் செய்கிறவருக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. சோதனை நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தாக்குப்பிடித்தால் போதும், பணம் வந்துவிடும். மறுநாள் கெட்டுப்போனால் அடுத்த வியாபாரம் தொடங்குகிறது.

கறுப்புச் சாளரங்களில் ஓடியவை இன்னொரு கதை. வைரஸ்களைத் தடுக்கும் விண்டோஸ் டிஃபெண்டரையும் அப்டேட்டையும், விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரி வழியாக முடக்கியிருந்தார். அமைப்புகளைத் திறந்தால், வீட்டுக் கணினியில், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று வந்தது. மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பும் அணைந்திருந்தது. விளையாட்டு வேகத்துக்காக அதை அணைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே 2022இல் சொன்னது, ஆனால் அதனால் வரும் ஆபத்தையும் சொல்லி, முடிவைக் கணினிக்காரரிடம் விட்டது. இங்கே என்னை யாரும் கேட்கவில்லை. ரேம் போதாதபோது வட்டில் இடம் தரும் பேஜ் ஃபைலை எடுத்துவிட்டிருந்தார். 16 ஜிபி ரேமில் அதைச் செய்தால் நினைவகம் தீர்ந்ததும் விளையாட்டு அப்படியே மூடிக்கொள்ளும். பழைய வலைப்பதிவுகளில் சுற்றிக்கொண்டிருக்கும் பூட் (கணினி தொடக்க) கட்டளை ஒன்றைப் போட்டு, விண்டோஸ் தன் நேரக்கணக்கை மதர்போர்டில் உள்ள எச்பெட் என்ற கடிகாரத்திலிருந்தே எடுக்கும்படி கட்டாயப்படுத்தியிருந்தார். பல கணினிகளில் திக்கலை அதிகமாக்குவதே அதுதான். மறுநாள் நிலைமை இன்னும் மோசமானதில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு. தொலைநிலை மென்பொருளில், நான் அனுமதி தராமலேயே உள்ளே வர ஒரு நிரந்தரக் கடவுச்சொல்லை அமைத்துவிட்டுப் போயிருந்தார். கணினி இயங்கும்போதெல்லாம் அதுவும் தானாக இயங்கிக்கொண்டிருந்தது. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் இருக்கிற கணினி அது. உள்ளே வந்தாரா, எதையாவது எடுத்தாரா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. திக்கலைச் சரிசெய்ய அந்தக் கடவுச்சொல் எதற்கு என்று கேட்டபோது மட்டும் அவரிடமிருந்து பதில் வரவில்லை. அன்றே இணையத்தைத் துண்டித்து, எல்லாக் கடவுச்சொற்களையும் கைபேசியிலிருந்து மாற்றி, விளையாட்டுகள் வாங்கும் ஸ்டீம் கணக்கில் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். அவர் ஏற்றி இயக்கிய கோப்பு என்னவென்று தெரியாதபோது, அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இதற்கு நடுவே கார்டு வியாபாரமும் நடந்தது. அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, "வீட்டில் மட்டும் பயன்படுத்தியது" 19,000 ரூபாய்க்கு இருக்கிறதாம். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓயாமல் கணக்கிட வைக்கும் சுரங்க முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக உழைத்த கார்டுகள் பழைய சந்தைக்குக் கூட்டமாக வந்தன. அவற்றில் ஒன்றுகூடச் சுரங்கத்தில் உழைத்ததாக விற்பவர் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. முன்பணம் கேட்டார். அதற்கு முன், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் செயலியின் படத்தை அனுப்பச் சொன்னேன். படத்தில் நினைவகப் பாதையின் அகலம் 128 பிட் என்று இருந்தது. 12 ஜிபி 3060 கார்டுக்கு 192 பிட். 128 பிட் என்பது பிற்பாடு வந்த 8 ஜிபி வகை; நினைவக வேகம் நொடிக்கு 360 ஜிகாபைட்டிலிருந்து 240 ஆகக் குறைக்கப்பட்டது. அதே படத்தில் நினைவக அளவும் 8192 எம்பி என்றே இருந்தது. அதை அழிக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. சுட்டிக்காட்டினேன். "அது மென்பொருள் தவறாகக் காட்டுவது சார்" என்றார்.

சரி, உண்மையில் திக்கல் எதனால்? புதிய விண்டோஸில் ஸ்டீம்விஆர் (விஆர் விளையாட்டுகளை இயக்கும் மென்பொருள்), விளையாட்டு, ஹெட்செட் மென்பொருள் தவிர வேறொன்றும் நிறுவாமல் ஓட்டினேன். திக்கல் இல்லை. பழைய செயலிகளை ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டே ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் ஸ்டீம்விஆரின் ஃபிரேம் டைமிங் வரைபடத்தைப் பார்த்தேன். மதர்போர்டோடு வந்த, விளக்கு நிறம் மாற்றி வெப்பநிலை காட்டும் செயலியை நிறுவியதும் பிராசஸர் கோட்டில் சீரான இடைவெளியில் கூரிய முகடுகள் எழுந்தன. கிராபிக்ஸ் கோடு அமைதியாக இருந்தது. அந்தச் செயலி குறிப்பிட்ட இடைவெளியில் எல்லா உணரிகளையும் விசாரித்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு ஃபிரேம் பலியானது. நீக்கினேன், தீர்ந்தது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பில்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அணைந்திருந்ததையும் பார்த்து இயக்கினேன். 3200 வேக ரேம் அதுவரை 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. 90 ஹெர்ட்ஸ், ஸ்பேஸ்வார்ப் இல்லாமல், அதே 2060 கார்டில் இன்று கார் ஓட்டுகிறேன். செலவு எதுவும் இல்லை.

உங்கள் கணினியில் காரணம் வேறாக இருக்கலாம். பெட்டியில் வந்த சார்ஜ் கேபிள் யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடும். படத்தைச் சுருக்கி அனுப்பும் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) கூட்டி வைத்தவர்களுக்கு அங்கேயே அடைத்துக்கொள்ளும். கார்டைத் தவறி இரண்டாவது ஸ்லாட்டில் செருகியிருக்கலாம், பல மதர்போர்டுகளில் அதில் தரவு செல்லும் தடங்கள் நான்குதான். லேப்டாப் சூட்டில் வேகம் குறைக்கலாம். எதுவானாலும் அந்த வரைபடத்தில் முகடு பிராசஸர் பக்கமா கிராபிக்ஸ் பக்கமா என்று பார்க்காமல் ஒருவர் கட்டளைகளை ஓட்டத் தொடங்கினால், அவர் உங்கள் கணினியைப் பார்க்கவே இல்லை.

யாரையாவது கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே விளையாட்டு, ஒரே காட்சி, ஒரே ஹெர்ட்ஸ், ஒரே தெளிவு வைத்து வரைபடத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கணினியை அணைத்து இயக்கிய பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைச் சொன்னதுமே பாதிப் பேர் பதிலளிப்பதை நிறுத்திவிடுவார்கள். பணம் அதற்குப் பிறகு. வேலை முடிந்ததும் தொலைநிலை மென்பொருளை மூடுவது போதாது, நீக்குங்கள்.

புகார் கொடுத்தேன். நானே பின் எண் போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்தது. நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தார்கள், எதிர்த்தரப்புக்கு ரசீதும் முகவரியும் இல்லாததால் அது நகரவில்லை. அனுமதியில்லாத நுழைவுக்கு சைபர் குற்ற உதவி எண் 1930 இருக்கிறது. பணம் போனால் தாமதிக்காமல் உடனே அழைக்க வேண்டிய எண்ணும் அதுதான். புகார் கொடுப்பதற்கு முன் விண்டோஸை அழிக்காமல், தொலைநிலை மென்பொருளின் பதிவுக் கோப்புகளையும் உரையாடல்களையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். என்னிடம் உரையாடல்கள் மட்டும் இருந்தன.

அவர் இப்போது வேறு பெயரில், வேறு எண்ணில் இருக்கிறார். விளம்பரக் காணொளி அதேதான், ஓரத்தில் 72 என்ற எண்கூட அப்படியே தெரிகிறது. கட்டணம் 4,500 ஆகியிருக்கிறது.