காவிரிக் கரையில் சைக்கிள் முகாம்: பணம் கட்டும் முன் கூடாரம் எங்கே என்று கேளுங்கள்

சேலத்தில் கிளம்பி தாரமங்கலம், மேட்டூர், பூலாம்பட்டி வழியாகப் பவானி வரை சைக்கிள் பயணம், இரண்டு இரவு ஆற்றங்கரைக் கூடாரத்தில் தங்கல் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலாண்டு விடுமுறையில் நானும் என் நாத்தனாரும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவள் மகனும் அதை நம்பிப் போனோம். தலைக்கு 4,800 ரூபாய், சைக்கிளுக்கு முன்பணம் 2,000 ரூபாய். மூன்று பேருக்குமாக 20,400 ரூபாய். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரி எங்களைப் படுக்க வைத்த இடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

விளம்பரத்தின் முதல் படமே நந்தி. மேட்டூர் அணையைக் கட்டியபோது தண்ணீருக்குள் போன பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோவிலின் நந்தி அது. அணை நன்றாக வற்றும் காலங்களில் அந்த நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். "நந்திக்குப் பக்கத்தில் மாலைத் தேநீர்" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். நாங்கள் போன அன்று நீர்மட்டம் 110 அடிக்கு மேல். அணையின் முழு நீர்மட்டமே 120 அடி. நந்தி எங்கோ ஆழத்தில் கிடந்தது. சேலத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தினமும் செய்தித்தாளில் நீர்மட்டம் வருகிறதே. பையன் ஆசையாகக் கேட்டதில் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. "சீசன்லதான் தெரியும்க்கா" என்று கூட வந்த வழிகாட்டித் தம்பி சொன்னபோது பையன் முகம் வாடிப்போனது.

தாரமங்கலத்திலும் அப்படித்தான். "வரலாற்று ஆய்வாளர் உடன் வருவார்" என்று போட்டிருந்தார்கள். வந்தது கல்லூரி முடித்த ஒரு தம்பி மட்டும். காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாகச் சொன்னவர்கள் சைக்கிள்களைக் கொண்டு வரவே ஒன்பதரை ஆக்கிவிட்டார்கள். கைலாசநாதர் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டி நடை சாத்தியிருந்தது. அந்தக் கோவிலில் ராமன் மறைந்து நின்று வாலியைக் குறிவைக்கும் சிற்பம் இருக்கிறது. ராமன் இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரியமாட்டான். கல் சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் பந்தும் உண்டு. இதையெல்லாம் நான் சொல்லிச் சொல்லித்தான் பையனைக் கூட்டிப் போயிருந்தேன். பூட்டிய கோபுர வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஒரு காலத்தில் இந்தப் பகுதியை ஆண்டு, இந்தக் கோவிலைக் கட்டிய கெட்டி முதலிகள்தான் பவானி சங்கமேஸ்வரர் கோவிலிலும் திருப்பணி செய்தவர்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு இதில் இருந்த பெரிய ஆசை.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். கியர் சைக்கிள், டிஸ்க் பிரேக் என்றார்கள். மூன்றில் ஒன்றில் மட்டும்தான் டிஸ்க் பிரேக் இருந்தது. என் சைக்கிளில் பெடலை அழுத்தினால் ஃப்ரீவீல் வழுக்கியது. நாத்தனார் சைக்கிளில் பின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மில் உரசியது. மேச்சேரி தாண்டி ஓர் இறக்கத்தில் அவள் காலை ஊன்றித்தான் நிறுத்தினாள். வழியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதை வச்சிக்கிட்டா மேட்டூர் வரைக்கும் வந்தீங்க? ரிம்மே வளைஞ்சிருக்குதுங்க" என்றார். பிரேக் கட்டை மாற்ற 120 ரூபாய் நாங்கள்தான் கொடுத்தோம். பின்னாலேயே வரும் என்ற வேன் கடைசி வரை வரவில்லை. பஞ்சர் ஒட்டும் சாமான்கூட அந்தத் தம்பியிடம் இல்லை.

இனி அந்த இரவு.

தென்னந்தோப்பில் கழிப்பறை வசதியோடு கூடாரம் என்பதுதான் பேச்சு. மேட்டூரைத் தாண்டிப் பூலாம்பட்டிக்குப் போகும் வழியில், தோப்புக்காரர் வரவில்லை என்று சொல்லி, ஆற்றுப் படுகையிலேயே மணல் திட்டில் மூன்று கூடாரம் போட்டார்கள். தண்ணீரிலிருந்து இருபது அடிகூட இருக்காது. "அனுமதி வாங்கியாச்சா தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் ஓனர் பார்த்துக்கிட்டாருக்கா" என்றான். எட்டு மணிக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு, காலையில் வருகிறேன் என்று பைக்கில் போய்விட்டான். அப்புறம் அவன் போன் எடுக்கவே இல்லை.

பத்து மணி வாக்கில் கரையில் டார்ச் வெளிச்சம். மீன் பிடிக்க வந்த பெரியவர் ஒருவர். "யாருங்க இங்க படுக்கச் சொன்னது? தண்ணி எப்ப ஏறும்னு எங்களுக்கே தெரியாதுங்க. புள்ளைய எழுப்பிக்கிட்டு மேல வாங்க" என்று சத்தம் போட்டார். எனக்குக் கை நடுங்கியது. படுக்கைகளையும் பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு சைக்கிள்களை உருட்டிக்கொண்டு மேடேறினோம். அவர் வீட்டுத் திண்ணையில் அவர் மனைவி பாய் விரித்துக் கொடுத்தார். விடிந்து போய்ப் பார்த்தபோது மணல் திட்டைக் காணோம். ஒரு கூடாரத்தின் துணி மட்டும் வேலிகாத்தான் முள்ளில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு "அத்தை, நாம இங்கதானே படுத்திருந்தோம்" என்றான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மேட்டூருக்குக் கீழே காவிரி தன்போக்கில் ஓடுவதில்லை. மேலே அணையில் எவ்வளவு திறக்கிறார்கள், கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என வரிசையாக இருக்கும் கதவணைகளில் மின்சாரத்துக்காக எவ்வளவு தேக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கரையோரத் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும். நம் ஊரில் ஒரு சொட்டு மழை பெய்யாத இரவிலும் ஏறும். கர்நாடகத்தில் பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். ஆற்றங்கரை முகாம் நடத்திக் காசு வாங்குகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தேதான் எங்களை அங்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பவானிக்குப் போகும் தெம்பு யாருக்கும் இல்லை. பூலாம்பட்டி வரை மட்டும் மெதுவாக மிதித்தோம். அங்கிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகிறது. கதவணையில் தேங்கிய தண்ணீர், இரண்டு பக்கமும் தென்னை, தூரத்தில் மலை. குட்டிக் கேரளா என்று சும்மா சொல்லவில்லை. பையனுக்காக ஒருமுறை போய் வந்தோம். பிறகு ஒரு குட்டி யானை பிடித்து, 2,200 ரூபாய் கொடுத்து, சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு சேலம் திரும்பினோம். பவானி கோவிலில் 1804ஆம் ஆண்டு கலெக்டர் வில்லியம் கேரோ அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த தந்தக் கட்டில், 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டை, எல்லாம் காசு கட்டிய பட்டியலில் இருந்தவை. ஒன்றையும் பார்க்கவில்லை.

முன்பணத்தைக் கேட்டபோது ரிம் வளைந்ததற்கும் கூடாரங்கள் போனதற்கும் சேர்த்து மூன்று பேருடைய 6,000 ரூபாயையும் பிடித்துக்கொண்டோம் என்றார் ஓனர். எங்கள் உயிர் தப்பியதைச் சொன்னேன். "ஆத்தோரம்னா அப்படித்தான் மேடம், அட்வென்ச்சர்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அடுத்த நாள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

பில் எதுவும் தரவில்லை. ஆனால் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதிய வாக்குறுதிகள், சைக்கிள் வந்தவுடன் பையன் எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் ரசீதுகளை அழித்துவிடாதீர்கள்.

யாரிடம் போனாலும் கூடாரம் போடும் இடத்தின் லொகேஷனை முன்கூட்டியே வாங்கி, அது படுகையா, பட்டா நிலமா என்று பாருங்கள். நில உரிமையாளரின் எண்ணைக் கேட்டு நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கள். ராத்திரி உடன் தங்கும் பெரியவர் யார் என்று கேளுங்கள். புறப்படும் இடத்திலேயே சைக்கிளை ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். சரியில்லை என்றால் ஏறாதீர்கள். நாங்கள் ஏறினோம்.

நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே நந்தி படத்தைப் போட்டு, அரையாண்டு விடுமுறைக்கு முன்பதிவு தொடங்கியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 500 ரூபாய் தள்ளுபடியாம்.