'எ சூட்டபிள் பாய்': சேர்ந்து படிக்க ஏற்ற குண்டுப் புத்தகமா?

விக்ரம் சேத்தின் 'எ சூட்டபிள் பாய்' 1993-இல் வெளிவந்த ஆங்கில நாவல். ஏறக்குறைய 5,90,000 சொற்கள். பேப்பர்பேக்கில் 1,400 பக்கம் தாண்டும். முகப்பில் இருக்கும் நன்றிக் கவிதையிலேயே, இதை வாங்கினால் பர்சும் போகும், மணிக்கட்டும் சுளுக்கும் என்று ஆசிரியரே கிண்டலடித்துவிடுகிறார். அதனால் எடையைப் பற்றிக் குறை சொல்ல வழியில்லை. தனியாக ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர் இருக்கும் புத்தகம் இது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து படிப்பதற்கு இது எப்படி என்பதுதான் இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தாராளமாக எடுக்கலாம். சொல்லப்போனால் சேர்ந்து படித்தால்தான் இது முழுசாகக் கிடைக்கும். லதா என்ற 19 வயதுப் பெண்ணுக்கு அவள் அம்மா மாப்பிள்ளை தேடுவது மேலே தெரியும் கதை. அடியில் ஓடுவது 1951-52 இந்தியா: ஜமீன் ஒழிப்பு, முதல் பொதுத் தேர்தல், காங்கிரஸ் உள்சண்டை, தோல் தொழில், இந்துஸ்தானி இசை. தனியாகப் படிப்பவர் லதாவின் பின்னாலேயே ஓடி, சட்டசபை விவாதத்தையும் கிராமத்தையும் விரலால் தள்ளிவிடுவார். கூட்டத்தில் ஒருவராவது அதைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்பார். மற்றவர்கள் திரும்பிப் போய்ப் படித்தே ஆகவேண்டும்.

முதலில் நேரக் கணக்கு. நாவலில் 19 பாகங்கள். சராசரியாக ஒரு பாகத்துக்கு 31,000 சொற்கள். ஆங்கிலத்தை நிதானமாக, நிமிடத்துக்கு 150 சொல் வீதம் படிப்பவருக்கு அது மூன்றரை மணி நேரம். வாரம் ஒரு பாகம் என்றால் தினமும் அரை மணி. 5, 10, 15 ஆகிய பாகங்கள் முடிந்ததும் ஒவ்வொரு வாரம் சும்மா விட்டால் பின்தங்கியவர்கள் எட்டிப்பிடிப்பார்கள். ஆக மொத்தம் 22 வாரம். மாதம் ஒரு பாகம் என்று இழுக்கும் திட்டம் கேட்க இதமாக இருக்கும், நடைமுறையில் சரிவராது. நான்கு குடும்பம், அவர்களைச் சுற்றி வேலைக்காரர், அரசியல்வாதி, பாடகர் என்று ஒரு பட்டாளம். நான்கு வார இடைவெளியில் பாதிப் பெயர் மறந்துவிடும். நடை எளிமையானது. வாக்கியங்கள் குட்டி குட்டியாக, நேராகப் போகும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது பெயர்களுக்கு.

எந்தக் கூட்டத்திலும் முதல் சந்திப்பிலேயே வரும் தகராறு பக்க எண். ஒருவரிடம் பழைய பதிப்பு, ஒருவரிடம் புதியது, இரண்டு பேரிடம் கிண்டில். "412-ஆம் பக்கம் பாருங்க" என்றால் நான்கு பேர் நான்கு இடத்தில் இருப்பார்கள். நல்லவேளையாக, பாகங்களுக்குள் சின்னச் சின்ன துண்டுகளாகப் பிரித்து 8.1, 8.2 என்று எண் போட்டிருக்கிறது. எல்லாப் பதிப்புக்கும் இதே எண்தான். அந்த வாரம் எதுவரை படிப்பது என்பதும் மேற்கோளும் இந்த எண்ணில் மட்டும் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். ஒரு துண்டு பெரும்பாலும் சில பக்கங்கள்தான், பஸ்ஸில் போகும்போதே ஒன்றிரண்டை முடித்துவிடலாம். அச்சுப் பிரதியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதவர்கள் பழைய பிரதி ஒன்றை வாங்கிப் பாக முடிவில் முதுகை அறுத்து மூன்றாக பைண்டிங் செய்துகொள்ளலாம். அறுக்க மனம் வராவிட்டால் கிண்டில்தான் வழி. ஆனால் கிண்டிலில் குடும்ப மரத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது எரிச்சல். அந்தப் பக்கங்களை மட்டும் தனியே அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்ப மரம் முகப்பில் இருக்கிறது: மெஹ்ரா, கபூர், சாட்டர்ஜி, பைதார் நவாப்பின் கான் குடும்பம். அது போதாது. லதா புத்தகக் கடையில் சந்திக்கும் கபீர் துர்ரானியின் குடும்பம் அந்த நான்கில் ஒன்றில்லை. செருப்புத் தொழில் தெரிந்த ஹரேஷ் கன்னாவும் அப்படித்தான். கான் என்று பெயர் வந்தாலே நவாப்பின் உறவு என்று நினைத்துக் குழம்புவது அடுத்த சிக்கல். பாட்டு வாத்தியார் உஸ்தாத் மஜீத் கானும், சாரங்கி வாசிக்கும் இஷாக் கானும் நவாப் வீட்டார் இல்லை; சட்டசபையில் வெளுத்துவாங்கும் பேகம் ஆபிதா கான் நவாப்பின் சொந்தம். கேதார்நாத் டாண்டன் கற்பனை வியாபாரி. புருஷோத்தம்தாஸ் டாண்டன் நிஜமான காங்கிரஸ் தலைவர். இந்த இரண்டு டாண்டன்களால் 14-ஆம் பாகத்தில் வீணாகும் நேரத்தை முன்கூட்டியே ஒரு வரியில் மிச்சப்படுத்தலாம். ஒரு தாளில் இருபது இருபத்தைந்து பெயர், ஒவ்வொன்றுக்கும் "யார் வீடு, என்ன வேலை" மட்டும். அதற்கு மேல் எழுதினால் கதை கசிந்துவிடும்.

பெயர்களை இணையத்தில் தேடுவதைக் கண்டிப்பாகத் தடைசெய்ய வேண்டும். லதா யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பது முதல் தேடலிலேயே வந்து விழும். ஊரையும் தேடிப் பயனில்லை. பிரம்பூர் என்ற நகரமும் பூர்வ பிரதேஷ் என்ற மாநிலமும் கற்பனை. கங்கைக்கரையில் காசிக்கும் பாட்னாவுக்கும் நடுவே வைத்திருக்கிறார். ஒருவர் கையாலேயே ஒரு வரைபடம் போட்டு வைத்தால் உதவும்: கங்கை, பர்ஸாத் மஹல், நெரிசலான சௌக், செருப்புச் சந்தை மிஸ்ரி மண்டி, பகட்டான நபிகஞ்ச், அமைச்சர் மகேஷ் கபூரின் பிரேம் நிவாஸ். கலவரம் வரும் அத்தியாயங்களில் எது எதற்குப் பக்கம் என்று தெரியாமல் படித்தால் ஒன்றும் விளங்காது.

கூட்டம் சரியும் இடம் ஐந்தாம் பாகம். ஜமீன் ஒழிப்பு மசோதாவைப் பற்றிச் சட்டசபையில் பேசிக்கொண்டே இருப்பார்கள். முதல் நான்கு பாகத்தில் கல்யாணம், ஹோலி, பாட்டு, படகு என்று பழகிய வாசகருக்கு இங்கேதான் கொட்டாவி வரும். பழியை வாசகர்மேல் மட்டும் போட முடியாது. சேத் எதையும் வெட்டாமல் முழுசாகத் தருகிறவர், சில உரைகள் நிஜமாகவே நீளம். இதற்கு மருந்து, அதற்கு முந்தைய வாரமே ஒரு பக்கக் குறிப்பு. நிஜத்தில் உத்தரப் பிரதேச ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு 1951 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் பீகார் சட்டத்தைச் செல்லாது என்றது. ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, நீதிமன்றம் கை வைக்காதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணை பிறந்தது. நாவலில் சட்டசபையில் தொடங்கி நீதிமன்றம் வரை போகும் சண்டை இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு படித்தால் பரபரப்பாகிவிடும். சென்னை மாகாணம் இதற்கான சட்டத்தை 1948-லேயே நிறைவேற்றியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், சிவகங்கை, எட்டயபுரம் பக்கத்து ஆட்கள் பேச ஆரம்பிப்பார்கள். பிறகு நிறுத்துவதுதான் கஷ்டம்.

நாவலின் மிகக் கனமான பகுதி, என் மதிப்பில், எட்டாம் பாகத்தில் வரும் தேபாரியா கிராமம். அமைச்சரின் மகன் மான் கபூருக்கு உருது சொல்லிக்கொடுக்கும் ரஷீத் அவனைத் தன் ஊருக்குக் கூட்டிப்போகிறான். ரஷீத் குடும்பத்து நிலத்தில் காலமெல்லாம் உழைத்தவர் கச்சேரூ. தொடர்ந்து உழுதவனுக்கு நிலத்தில் உரிமை என்று சட்டம் வரப்போகிறது. அப்படியானால் உழுதவன் இவன்தான் என்பதற்கு அத்தாட்சி என்ன? பட்வாரி என்ற கிராமக் கணக்கர் வைத்திருக்கும் நிலப் பதிவேடு. அதில் பெயர் இல்லாவிட்டால் ஐம்பது வருஷம் ஏர் பிடித்திருந்தாலும் அவன் யாரோ. எனவே சட்டம் வருமுன் உழவனை ஒரே வயலில் நிலைக்கவிடாமல் மாற்றுவதும், பதிவேட்டில் பெயரே ஏறாமல் பார்த்துக்கொள்வதும் நிலக்காரரின் தந்திரம். ரஷீத் அந்தப் பதிவேட்டில் கை வைக்கிறான். என்ன ஆகிறது என்பதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளுங்கள். பட்வாரியை நம் ஊர்க் கர்ணமாக நினைத்துக்கொண்டால் காட்சி சட்டென்று பிடிபடும். தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்ததை அறிந்தவர் கூட்டத்தில் இருந்தால் அந்தச் சந்திப்பை அவரிடமே விட்டுவிடலாம்.

விவாதம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு முதல் பாகத்திலேயே ஒரு நல்ல காட்சி. லதாவின் அம்மா ரூபா மெஹ்ரா, இறந்துபோன கணவர் வாங்கிய தங்கப் பதக்கங்களை மருமகள் மீனாக்ஷியிடம் கொடுக்கிறார். மீனாக்ஷி அதில் ஒன்றை உருக்கிக் கம்மல் செய்துகொள்கிறாள். "மீனாக்ஷி மோசம்" என்று ஒரு வார்த்தையில் எல்லோரும் தீர்ப்புச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: கொடுத்தபின் அது யாருடைய சொத்து? நகையாகக் கொடுக்காமல் பதக்கமாகக் கொடுத்ததில் மாமியாரின் கணக்கு என்ன? பழைய வாழ்த்து அட்டைகளை வெட்டி ஒட்டிப் புது அட்டையாக்கி அனுப்புகிறவர் அதே ரூபா மெஹ்ரா. பழசை உருமாற்றுவதில் மாமியாரும் மருமகளும் எங்கே வேறுபடுகிறார்கள்? இப்படிக் கேட்டால் முக்கால் மணி நேரம் ஓடும், ஒவ்வொரு பதிலுக்கும் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும்.

இல்லாவிட்டால் பேச்சு, லதாவுக்கு ஏற்றவன் "கபீரா, சாட்டர்ஜி வீட்டு அமித்தா, ஹரேஷா" என்ற பட்டிமன்றமாகி, அங்கிருந்து அவரவர் வீட்டு வரன் பார்த்த கதைக்குப் போய்விடும். ஒன்றரை மணி நேரச் சந்திப்பில் அதற்குக் கடைசிப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஹரேஷை ரசனையில்லாதவன் என்று தள்ளுகிறவர்கள் அநேகமாகச் செருப்புப் பகுதிகளைத் தாண்டிப் படித்தவர்கள். அவன் பெருமைப்படும் குட்இயர் வெல்ட் முறையில் மேல்தோலையும் உள்அடியையும் ஒரு தோல் பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையோடுதான் அடித்தோலைத் தைப்பார்கள். அடி தேய்ந்தால் அதை மட்டும் பிரித்துப் புதிது போடலாம், மேல்தோலுக்குச் சேதமில்லை. இது புரிந்தால் அவன் ஏன் ஒரு ஜோடி ஷூவைப் பார்த்து அப்படிப் பேசுகிறான் என்பது புரியும். தோல் பதனிடும் குடியிருப்புக்கு அவன் போகும் காட்சியில் நாற்றமும் சாதியும் ஒன்றாக வருகின்றன. ஆம்பூர், ராணிப்பேட்டை வாசகர் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

புத்தகத்தின் பெரிய குறை, பின்னால் சொற்பட்டியல் எதுவும் இல்லாதது. உருது, இந்திச் சொற்கள் அப்படியே வரும். தவாயிஃப், முன்ஷி, தும்ரி, மஜ்லிஸ் என்று பாகத்துக்குப் பத்துச் சொல் எடுத்து ஒருவர் அர்த்தம் எழுதி வைத்தால் தீர்ந்தது. நாவலில் வரும் பாடகி ஸயீதா பாய் பாடும், மீர், காலிப், தாக் ஆகிய உருதுக் கவிஞர்களின் கஜல்களை சேத் ஆங்கிலச் செய்யுளாகத் தருகிறார். கையில் வரி இருக்கும், காதில் ஒன்றும் இருக்காது. இரண்டாம் பாகத்துக்கு முன் கஜல் பாடகி பேகம் அக்தரின் பதிவுகள் இரண்டைக் கேட்டுவிடுவது நல்லது. இந்தி படிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் இருந்தால் இன்னும் வசதி. ராஜாஜியின் பேரன் கோபாலகிருஷ்ண காந்தி இதை 'கோயி அச்சா-சா லட்கா' என்று மொழிபெயர்த்திருக்கிறார். உரையாடல்கள் அதில் தம் சொந்த மொழிக்குத் திரும்பிவிடுகின்றன. சந்தேகமான இடத்தை அதோடு ஒப்பிடலாம்.

கல்கத்தா சாட்டர்ஜி வீடு வரும் ஏழாம் பாகம் தானாகவே ஓடும், அதற்குத் தயாரிப்பே வேண்டாம். குளிரில் வரும் தேர்தல் பகுதிக்கு மட்டும் ஒரு தகவல் தேவை: 1951-52 தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும், வாக்காளர் சீட்டைத் தன் ஆளின் பெட்டியில் போட வேண்டும். காங்கிரஸுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை. இன்றைய மெஷினை மனதில் வைத்துப் படித்தால் சில சம்பவங்கள் குழப்பும்.

பொருளடக்கம் இன்னொரு வசதி. 19 பாகத்துக்கும் தலைப்புக்குப் பதில் இரண்டிரண்டு வரி எதுகைக் கவிதை. குறிப்பு கொடுக்கும், ரகசியத்தை உடைக்காது. வாரம்தோறும் அடுத்த பாகத்தின் இரண்டு வரியைப் படித்து ஊகிக்கச் சொல்லிக் கலைவது, அடுத்த சந்திப்புக்கு ஆட்களை வரவைக்கிறது.

மீரா நாயர் இயக்கி 2020-இல் பிபிசியில் வந்த தொடர் ஆறே எபிசோடுகள். தபு நடித்த ஸயீதா பாய்க்காகப் பார்க்கலாம். ஆனால் 19-ஆம் பாகம் முடிந்த பிறகுதான். ட்ரெய்லர்கூட அதற்குமுன் வேண்டாம். ஆறு மணி நேரத்தில் எது எது கழன்று விழுந்தது என்று கணக்குப் பார்ப்பதையே 23-ஆம் வாரச் சந்திப்பாக வைத்துக்கொள்ளலாம். தேபாரியாவிலிருந்து தொடங்குங்கள்.