லேசர் போட்ட கண்ணை எட்டு வருடம் கழித்து ஊரில் காட்டினோம்

மஸ்கட்டிலிருந்து இந்த முறை ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மகளை நாகர்கோவிலில் ஒரு ரெட்டினா (விழித்திரை) டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவளுக்கு எட்டு வயது. பிரசவத்துக்குத் தக்கலையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது 28 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,050 கிராம்தான். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறு என்று சொல்லி இரண்டு கண்ணுக்கும் லேசர் போட்டார்கள். பார்வை தப்பியது. பிரச்சினை அதோடு முடிந்தது என்று எல்லோருமே நம்பிவிட்டோம்.

மஸ்கட்டில் வருடா வருடம் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்போம், கூடிக்கொண்டே போகும். மருந்து விட்டுக் கண்ணுக்குள்ளே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. லேசர் போட்ட கண் என்று நாங்களும் சொல்லவில்லை. மைனஸ் ஆறைத் தாண்டியபோதுதான் பயம் வந்தது.

காலையிலேயே போய் டோக்கன் எடுத்துவிட்டோம். கண் பாப்பா விரிய மூன்று தடவை சொட்டு மருந்து விட்டார்கள். எரிகிறது என்று அழுதாள். "கொஞ்ச நேரம் கண்ண மூடிக்க மக்களே" என்று மருந்து விட்ட அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த அன்புக்காகவே அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனது. பிள்ளையோடு போகிறவர்கள் அரை நாளை ஒதுக்கிவிடுங்கள், தொப்பியும் கொண்டுபோங்கள். வெளியே வந்தால் வெயில் கூசும்.

டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் ஒரு தாளில் வட்டம் வரைந்து விளக்கினார். விழித்திரையில் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளரும், ஓரம் வரை போய்ச் சேர கிட்டத்தட்ட பத்து மாதமும் வேண்டும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அது பாதியில் நின்று, பிறகு தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் குழாய் எட்டாத ஓரப்பகுதியை லேசரால் சுடுகிறார்கள். ஓரத்தைக் கொடுத்து நடுப்பார்வையைக் காப்பாற்றுகிற வைத்தியம் அது. அதனால் பக்கப்பார்வை சற்றுக் குறையலாம். கிட்டப்பார்வை, மாறுகண், ஒரு கண் சோம்பிப் பார்வை மங்குவது எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம். வளர்ந்த பிறகும் விழித்திரை விலக வாய்ப்பு உண்டு. திடீரென்று மின்னல் மாதிரி ஒளி, கறுப்புப் புள்ளிகள், திரை விழுந்த மாதிரி மறைப்பு தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை, ஆயுசு முழுக்க.

அவளுக்கு விழித்திரை நன்றாக இருக்கிறது. இடது கண் மட்டும் சோம்பியிருக்கிறது. அதற்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணை தினம் இரண்டு மணி நேரம் மூடி வைக்கச் சொன்னார். இன்னும் சின்ன வயதில் வந்திருந்தால் சீக்கிரம் சரியாகியிருக்கும் என்றார். எனக்கு மனசு ஆறவே இல்லை.

லேசர் போட்ட இடத்தில் பழைய ஃபைல் கேட்டோம், இல்லை என்றார்கள். வீட்டில் இருந்த டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்தால், கடைசி வரியில் வருடாந்திரப் பரிசோதனை என்று கையால் எழுதியிருக்கிறது! அதை ஒருவராவது வாயால் சொல்லியிருக்கலாம். தாயும் பிள்ளையும் பிழைத்தால் போதும் என்று நிற்கிற நேரத்தில் யார் தாளைப் படிக்கிறார்கள்?

வீட்டில் தம்பியின் குழந்தை பிறந்து 22 நாள் ஆகியிருந்தது. அதுவும் 32 வாரத்தில் பிறந்ததுதான். கண் பரிசோதனை செய்திருக்கவில்லை. "நல்லாத்தானே பால் குடிக்கு, கண்ணுல என்ன?" என்றாள் அம்மா. வெளியே பார்த்தால் இந்தக் கோளாறு ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்னால் பிறந்ததோ, இரண்டு கிலோவுக்குக் குறைந்ததோ, எந்தக் குழந்தையாக இருந்தாலும் 30 நாளைக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். மிகவும் முந்திப் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. தம்பியிடம் சண்டை போட்டு 26ஆம் நாள் கூட்டிப் போனோம்.

ரத்தக்குழாய் இன்னும் ஓரம் வரை போகவில்லை, இரண்டு வாரத்தில் திரும்ப வாருங்கள் என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். அதற்கு முந்தின நாள் எனக்கு ஃபிளைட். டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.