பிசிக்ஸ் மேஜரோடு ஐஐடி பிஎஸ்: சேரலாமா?

"அக்கா, டேட்டா சயின்ஸ் பிஎஸ் சேரலாமா? காலேஜோட சேர்த்துச் சமாளிக்க முடியுமா?" ஜூனியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கிறார்கள். மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் மதுரையில் பிஎஸ்சி பிசிக்ஸ் மூன்றாம் ஆண்டு. நீங்கள் கேட்கும் பிஎஸ், ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. அதில் முதல் நிலையான ஃபவுண்டேஷனை முடித்து, அடுத்த நிலையான டிப்ளமோவில் இருக்கிறேன்.

நம் கல்லூரிகளில் ஒரு மேஜர், கூடவே ஒட்டிக்கொண்டு வரும் அலைடு என்ற துணைப் பாடம், அவ்வளவுதான். இரண்டு பாடத்தையும் முழுசாகப் படிக்க ஆசைப்பட்டால் பெரும்பாலும் இரண்டு டிகிரிதான் வழி. ஒரே சமயத்தில் இரண்டு படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்தது. இரண்டையும் நேரில் போய்ப் படிப்பதென்றால் வகுப்பு நேரம் மோதக் கூடாது. அது நடக்கிற கதையா? அதனால் ஒன்று காலேஜில், இன்னொன்று ஆன்லைனில்.

சேர ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரப் பாடம், அசைன்மென்ட், அப்புறம் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் குவாலிஃபயர் என்ற தகுதித் தேர்வு. கட் ஆஃப் தாண்டினால் உள்ளே. இத்தனை சீட்தான் என்ற வரம்பு இல்லை.

பாடத்தின் தரத்தில் குறையே சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் போலப் படிப்படியாக யோசிக்கக் கற்றுத்தரும் கம்ப்யூட்டேஷனல் திங்கிங் பேப்பரை மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும் எடுக்கிறார்கள். கோடிங் கிடையாது, அட்டைகள்தான். மாணவர்களின் மதிப்பெண் ஒரு கட்டு, கடை பில் ஒரு கட்டு, ஒரு பத்தியில் உள்ள சொற்கள் ஒரு கட்டு. ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்து அடுத்த குவியலில் வைக்க வேண்டும். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று தோன்றும். பிறகு பைதான் புரோகிராமிங்கில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஃபார் லூப் வரும்போது, அட, இதைத்தானே அன்றைக்குக் கையால் செய்தோம் என்று புரியும். உஷா மோகன் நடத்தும் ஸ்டாட்ஸ் பொறுமையாகப் போகும். பிசிக்ஸ்காரர்களுக்கு மேத்ஸ் பெரிய பாரமில்லை. இரண்டு இங்கிலீஷ் பேப்பர்கள்தான் எனக்கு இழுவை.

இரண்டு படிப்பும் ஒன்றையொன்று தொட்ட இடம் எங்கள் லேப். லென்ஸுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவே ஒளி வளையங்கள் தோன்றும் நியூட்டன் வளையச் சோதனையில், சோடியம் விளக்கின் கீழே மைக்ரோஸ்கோப்பை நகர்த்தி வளைய விட்டங்களை எடுத்தோம். வளைய எண்ணுக்கு எதிராக விட்டத்தின் வர்க்கத்தைப் போட்டால் நேர்கோடு வரும். பைதானில் அந்தக் கோட்டைப் பொருத்தினேன். எந்த ரீடிங் கோட்டை விட்டு விலகி நிற்கிறது என்று பளிச்சென்று தெரிந்தது. ரெக்கார்டில் என்னவோ கிராஃப் ஷீட்தான் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன்.

இனி கஷ்டம். பாடமல்ல, காலண்டர்தான் படுத்தும். வாராவாரம் அசைன்மென்ட் கெடு. முதல் ஏழு வாரத்தில் சிறந்த ஐந்தின் சராசரி நூற்றுக்கு 40 இருந்தால்தான் எண்ட் டேர்ம் என்ற இறுதித் தேர்வை எழுத முடியும். நடுவில் இரண்டு குவிஸ், அவையும் நேரில்தான். ஞாயிறு குவிஸ், திங்கள் காலை காலேஜ் இன்டர்னல் என்று அமைந்தால் சனிக்கிழமை தூக்கத்தை மறந்துவிடுங்கள். ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று டேர்ம். ஜனவரியும் செப்டம்பரும் நம் செமஸ்டர் பரீட்சையோடு முட்டும். அந்த இரண்டிலும் இரண்டு பேப்பருக்கு மேல் எடுக்காதீர்கள். மே டேர்மின் முதல் பாதி நமக்கு லீவு. முடிந்தால் அதில் நான்கு எடுங்கள்.

ஃபீஸை மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. எடுக்கிற பேப்பருக்கு மட்டும்தான். நான் சேர்ந்தபோது ஃபவுண்டேஷனில் ஒரு கிரெடிட்டுக்கு (பேப்பரின் அளவைக் குறிக்கும் அலகு) 1,000 ரூபாய். 32 கிரெடிட், ஆக 32,000. மேல் நிலைகளில் கூடும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துச் சலுகை உண்டு, எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் உண்டு. சான்றிதழ்களை முன்கூட்டியே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "ரெண்டுக்கும் நான் ஃபீஸ் கட்டுறேன், ரெண்டையும் நீ படிப்பியாம்மா?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான்.

அதற்கு என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடிந்ததே இந்தப் படிப்பின் அமைப்பால்தான். பாதியில் நின்றாலும் வெறுங்கையோடு வெளியே வர வேண்டாம். ஃபவுண்டேஷன் முடித்தால் அதற்கொரு சான்றிதழ், அதற்கு மேல் 27 கிரெடிட் முடித்தால் புரோகிராமிங்கிலோ டேட்டா சயின்ஸிலோ ஒரு டிப்ளமோ, மொத்தம் 114 கிரெடிட்டில் பிஎஸ்சி, 142 வரை போனால் பிஎஸ். ஆகவே "டபுள் டிகிரி முடிப்பேனா?" என்று பிளஸ் டூ முடித்த கையோடு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஃபவுண்டேஷன் வரை போய்ப் பார்த்து, காலேஜ் மார்க் எப்படி இருக்கிறதென்றும் பார்த்து முடிவெடுக்கலாம்.

என் முடிவு: புரோகிராமிங் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்கிறேன். எம்எஸ்சி பிசிக்ஸுக்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு மாலை நேரம் தேவை. அதே பேட்சில் என் தோழி, பிகாம்காரி, பிஎஸ் வரை போவதாக இருக்கிறாள். அவளுக்கு லேபும் இல்லை, ரெக்கார்டும் இல்லை. அரியர் வைத்திருப்பவர்களும், சிஏ, நீட் என்று ஏற்கெனவே ஒன்றில் மாட்டியிருப்பவர்களும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வயது வரம்பு இல்லை. படிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

ஐந்துக்கு நான்கு தருவேன். குறைத்த ஒன்று அந்த இங்கிலீஷ் பேப்பர்களுக்கு.