தேனீப் பெட்டிக்குப் போகையில் சாமான்களை எதில் கொண்டுபோவது: பெயிண்ட் வாளியா, ஒயர் கூடையா, டூல் பாக்ஸா?

சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பில் நாலு பெட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் கொய்யாத் தோட்டத்தில் மூணு பெட்டி என்று பிரித்து வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு தொல்லை பொது. மூடியைத் திறந்து, அடை கட்டிய மரச் சட்டத்தைத் தூக்கப் போகும்போதுதான் அதை நெம்பும் உளி வண்டியிலேயே கிடப்பது நினைவுக்கு வரும். திறந்த பெட்டியை விட்டுவிட்டு ஓட முடியாது. மதுரை வெயிலில் அடையில் இருக்கும் தேனீப் புழு காயும். தேன் வாசனைக்குப் பக்கத்துக் கூட்டத்துத் தேனீக்கள் திருட வந்துவிடும்.

முகவலை, உளி, பிரஷ், அடை சீவும் கத்தி, ராணித் தேனீயைப் பிடித்து வைக்கும் சின்னக் கூண்டு (ராணிக் கூண்டு), சர்க்கரைப் பாகு பாட்டில், புகை மூட்டத்துக்குத் தேங்காய் நார், ஒன்றிரண்டு காலிச் சட்டம், தேனீக்களை அடக்கப் புகை விடும் புகைப்பான். இவ்வளவுதான் சாமான். இவற்றைச் சுமக்க நம் பக்கம் நாலு வழி புழக்கத்தில் இருக்கிறது.

இரும்பு டூல் பாக்ஸை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கனம் அதிகம். தேனில் அமிலம் உண்டு, காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். தேன் பட்ட மூலையெல்லாம் துருப்பிடிக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தால் அந்த அதிர்வே கூட்டத்தைக் கலைக்கும்.

பை வைத்துத் தைத்த ஏப்ரன் கைக்கு வசதி, மறுக்க முடியாது. உளியும் ராணிக் கூண்டும் இடுப்பிலேயே இருக்கும். ஆனால் கத்தியை அதில் செருகிக்கொண்டு குனியவே கூடாது. இன்னொன்று, தேனீ கொட்டும்போது வாழைப்பழ வாடை போன்ற ஒரு எச்சரிக்கை வாசனையை விடும். அது துணியில் தங்கினால் அடுத்த பெட்டித் தேனீக்களும் அதே இடத்தில் வந்து கொட்டும். ஒவ்வொரு முறையும் துவைக்கத் தயாரானவர்கள் வெளிர் நிறத்தில் தைத்துக்கொள்ளலாம்.

ஒயர் கூடைக்கு என் மனதில் தனி மரியாதை உண்டு. வீட்டிலேயே பின்னிக்கொள்ளலாம், எடை கிடையாது, மேலிருந்து பார்த்தாலே எது எங்கே என்று தெரியும், தண்ணீர் ஊற்றினால் கழுவியாயிற்று. தோப்புக்குள் பெட்டிக்குப் பெட்டி நகரும்போது இதைவிட லேசானது எதுவுமில்லை. குறை அதன் இடைவெளிகளில்தான். வெட்டிப்போட்ட அடைத்துண்டு உள்ளே இருந்தால் தேன் வழி நெடுக ஒழுகும். கீழே வைத்த கொஞ்ச நேரத்தில் எறும்பு ஏறிவிடும். பின்னலுக்குள் நுழைந்த தேனீ, கைப்பிடியைப் பிடிக்கும்போது நசுங்கிக் கொட்டும்.

என் ஓட்டு 20 லிட்டர் பெயிண்ட் வாளிக்கு, மூடியோடு. நன்றாகக் கழுவி, வாடை அறவே போன பிறகுதான் எடுக்க வேண்டும். இந்தியத் தேனீ வளர்க்கும் நியூட்டன் பெட்டியின் சட்டம் சிறியது என்பதால் வாளிக்குள் நிமிர்ந்தே நிற்கும். எக்ஸ்எல் வண்டியின் முன் தட்டில் வைத்தால் ஆடாது. அடைத்துண்டைப் போட்டு மூடியை அழுத்தினால் எறும்பும் வராது, திருட்டுத் தேனீயும் வராது. வெள்ளை அரிசிச் சாக்கை வெட்டி, வாளியைச் சுற்றிக் கட்டும் பட்டையாகப் பைகள் வைத்துத் தையல்காரரிடம் தைத்துவிட்டால் உளிக்கு ஒரு பை, பிரஷுக்கு ஒரு பை, கூண்டுக்கு ஒரு பை. எதன் பை காலியாக இருக்கிறதோ அதை மறந்துவிட்டோம் என்று கிளம்பும்போதே தெரியும்.

எல்லாவற்றையும்விட, வாளியை வெந்நீரும் சலவை சோடாவும் போட்டுத் தேய்த்துக் கழுவலாம். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. நோய் கண்ட கூட்டத்தைத் தொட்ட உளியும் சட்டமும் அடுத்த தோப்புக்கு அப்படியே போகக் கூடாது. அழுக்கைப் பிடித்து வைக்கும் துணியையும், சந்துகள் நிறைந்த பின்னலையும்விட வழுவழுப்பான வாளி இதில் எவ்வளவோ மேல். முடிந்தால் தோப்புக்கு ஒரு உளி தனியாக வைத்துவிடுங்கள். காய்ந்த தென்னோலைக்கு நடுவே விழுந்தால் கண்ணில் படும்படி அதன் பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடியுங்கள்.

புகைப்பான் மட்டும் வாளிக்குள் போகவே கூடாது. அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே கனல் இருக்கும். பிளாஸ்டிக் உருகும், பக்கத்தில் இருக்கும் நார் பற்றிக்கொள்ளும். புகைப்பானின் வாயில் பச்சை இலையைத் திணித்து அடைத்து, மேல்பக்கம் வெட்டிக் கம்பிப் பிடி போட்ட பழைய எண்ணெய் டின்னில் நிறுத்தி, தனியாகக் கொண்டுபோக வேண்டும். வண்டியின் பெட்ரோல் டேங்கை ஒட்டி அந்த டின் இருக்கக் கூடாது.

வீட்டு மாடியில் ஒன்றிரண்டு பெட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் வாளி தேடி அலைய வேண்டாம். படியேறிப் போய் வர ஒயர் கூடையே போதும். அடைத்துண்டுக்கு மட்டும் மூடி போட்ட டப்பா ஒன்றை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.